தேவையற்ற சுழற்சி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஏதோ ஆழமாக யோசித்து இதைக் கண்டுபிடித்ததாக யாரும் பிறகு சொல்ல வேண்டாம்.

என் தங்கையின் கணவர் கட்டுமான இடமொன்றில் கிரேன் ஓட்டுகிறார். எண்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, தரையில் கிடக்கும் கம்பிக்கட்டுகளைத் தூக்கி, கட்டடத்தின் மேல்தளத்தில் இறக்குகிற வேலை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேலேயே வைத்தாள்.

"அண்ணே, இதுல ஒரு கட்டம் இருக்கு. அதை மட்டும் எழுதிக் குடு."

"என்ன எழுதணும்?"

"நீதானே எழுதுறவன். படிச்சுப் பாரு."

படிவத்தின் தலைப்பு, 'தேவையற்ற சுழற்சி குறித்த விளக்கம்'. பெயர், பணி எண், இயந்திர எண் எல்லாம் மாப்பிள்ளையின் குண்டுக் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. கடைசிக் கட்டத்துக்கு ஒரே சொல்தான் தலைப்பு: நியாயம். அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரமிட்டவை கட்டாயம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே நூறு சிறு சதுரங்கள், சதுரத்துக்கு ஓர் எழுத்து.

(தலைமை அலுவலகத்திலிருந்து வேறு மொழியில் வந்ததை யாரோ அவசரமாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். 'காரணம்' என்று போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. காற்று, வெயிலில் கண் கூச்சம் என்று எதையாவது எழுதி அனுப்பியிருப்பேன். நியாயத்தைக் கேட்டுவிட்டார்கள். அதுவும் நூறு எழுத்துக்குள். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிச் சதுரமா என்பதையும் சொல்லவில்லை.)

2

நடந்தது இவ்வளவுதான்.

கம்பிக்கட்டுகள் கிடக்கும் இடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கிரேனின் கை வலப்பக்கம் திரும்பினால் கொட்டகைக்கு மேலாகப் போய் அரை நிமிடத்தில் கட்டடத்தை எட்டிவிடும். இடப்பக்கம் திரும்பினால் பின்புறத்து மண்மேட்டையும் குழியையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒன்றே கால் நிமிடம் ஆகும். மாப்பிள்ளை எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார். பல மாதங்களாக யாரும் இதைக் கவனிக்கவில்லை. பிறகு கிரேனில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அது மாதக் கடைசியில் தானாகவே ஓர் அறிக்கை அச்சடித்துக் கொடுத்தது. தேவையற்ற சுழற்சி, இருநூற்றுப் பன்னிரண்டு.

தள அலுவலகத்தில் இதையெல்லாம் பார்க்கிறவருக்கு அங்கே 'படிவம்' என்றுதான் பெயர். படிவம் வந்துட்டாரா, படிவம் சாப்பிடப் போயிருக்காரு என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சலே. கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை பாதி முடிந்திருக்கும்.

மாப்பிள்ளை தானாகவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் முறை: 'கொட்டகை மேல கொண்டுபோகல.' சிவப்பு மையில் திரும்பி வந்தது: 'இது விவரம். நியாயம் அல்ல.' இரண்டாவது முறை: 'கொட்டகை மேல கொண்டுபோக மனசு வரல.' அதற்கும் பதில் வந்தது: 'இது மனநிலை. நியாயம் அல்ல.' மனநிலை என்கிற சொல்லுக்கு மட்டும் இரட்டை அடிக்கோடு. ஓட்டுநரை மருத்துவரிடம் அனுப்பலாமா என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வேறு.

மூன்றாவது முறைதான் கடைசி. பதினைந்து நாள் அவகாசம். நியாயம் போதவில்லை என்றால் அவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றுவார்கள்.

இன்று பதினான்காம் நாள்.

3

முதல் வரைவு:

'பாதுகாப்பு விதிகளின்படி ஆட்கள் இருக்கும் இடத்துக்கு மேலாகச் சுமையைக் கொண்டுசெல்லக் கூடாது என்பதால்'

நிறுத்திவிட்டேன். வரைபடத்தில் அந்தக் கொட்டகை 'பொருட்கிடங்கு, ஆட்கள் இல்லை' என்றுதான் குறிக்கப்பட்டிருக்கிறது. விதி எதையும் தடுக்கவில்லை. வலப்பக்கப் பாதை எழுத்துபூர்வமாக அனுமதிக்கப்பட்ட பாதை.

இரண்டாவது வரைவு, படிவத்துக்கு இல்லை, கதைக்கு. இந்த மனிதரை வைத்து ஒரு கதை எழுதலாம் என்ற ஆசை அதற்குள் எனக்கு வந்துவிட்டது. (உதவி கேட்டு வந்தவரைக் கதையாக்குவது எங்கள் தொழிலில் வழக்கம். இதற்கு யாரும் எங்களிடம் படிவம் நீட்டுவதில்லை.)

'பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில், அவர் கண்ணெதிரே, கம்பிக்கட்டின் கொக்கி நழுவி, கீழே நின்றிருந்த அவருடைய நண்பன்'

தொலைபேசியில் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"யாரு மச்சான் செத்தது?"

"உங்க ஃப்ரெண்டு."

"எனக்கு ஃப்ரெண்டுன்னு இருக்கறதே ரெண்டு பேருதான். ரெண்டு பேரும் நல்லா இருக்கானுங்க. போன வாரம்கூட ஒருத்தன் வந்து என் குடைய எடுத்துட்டுப் போயிட்டான்."

"கதைக்குத்தான் மாப்ள. ஒரு மனுஷன் சுத்திப் போறான்னா ஏதாவது நடந்திருக்கணுமில்ல."

"ஒண்ணும் நடக்கல. இத்தனை வருஷத்துல ஒரு கட்டுகூட விழுந்ததில்ல."

"அப்ப ஏன் சுத்துறீங்க?"

அவர் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். நானும் அந்த ரகம். நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் தங்கை எழுந்து போய்விடுவாள். ஆனால் தொலைபேசியில் அந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. பின்னால் எங்கோ இரும்பு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பத்திரிகை ஆசிரியரிடமும் பேசினேன். கதையின் சுருக்கத்தைச் சொன்னதும் படிவத்தின் உடன்பிறந்தவர் மாதிரி கேட்டார்.

"எல்லாம் சரி சார். கேரக்டர் ஏன் அப்படிச் செய்றாருன்னு வாசகருக்கு ஒரு பிடி வேணும்ல?"

"பிடி எதுக்குங்க? அவர் கொட்டகை மேல இரும்பைக் கொண்டுபோகல. அவ்வளவுதான்."

"கொட்டகைக்குள்ள ஒரு குழந்தை தூங்குதுன்னு வைக்கலாமே."

வைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் வைத்தேன். ஒரு பக்கம் முழுக்கக் குழந்தை. பழைய துணியில் தொட்டில், கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக உள்ளே விழும் வெயில். பிறகு அடித்துவிட்டேன். குழந்தை இருந்தால்தான் மேலே இரும்பு போகக் கூடாதா? ஐம்பது வயது ஆள் இருந்தால் போகலாமா? குறட்டை விடுகிற ஆள்? எனக்குப் பிடிக்காத ஆள்?

4

அவர் நல்லவர் என்பதால்

வேண்டாம்.

5

இங்கே நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்யப் போகிறேன்.

போன வாரம் தங்கை மருந்துக்கடைக்குள் போயிருந்தபோது நானும் மாப்பிள்ளையும் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. நேராகவே கேட்டேன்.

"மாப்ள, உண்மையைச் சொல்லுங்க. நாம மத்தவன் மாதிரி இல்லன்னு மனசுக்குள்ள ஒரு பெருமைக்காகவா?"

இரண்டு பேருந்துகள் வந்து போயின. அவர் எதிலும் ஏறவில்லை.

"கொட்டகையில பொம்பளைங்க இருக்காங்க மச்சான்."

"எந்தப் பொம்பளைங்க?"

"பலகை கழுவுறவங்க. ஆறேழு பேரு. கான்கிரீட் ஒட்டின பலகையெல்லாம் வெயில்ல உக்காந்து சுரண்டிக் கழுவணும். அந்த இடத்துல நிழல்னு இருக்கறது அந்தக் கொட்டகை ஒண்ணுதான். கெடங்குக்குள்ள ஆள் போகக் கூடாது. கங்காணி பாக்காத நேரமா ஒவ்வொருத்தரா உள்ள போயி சாப்பிடுவாங்க, கொஞ்சம் கால் நீட்டுவாங்க."

"இதை நீங்க பாத்தீங்களா?"

"கூரை மேல துணி காயும். மேல இருந்து அது மட்டும்தான் தெரியும். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது."

"துணி இருக்கற அன்னிக்கு மட்டும் சுத்தலாமே."

"துணி காயப்போடாத அன்னிக்கு ஆள் இல்லைன்னு யாரு சொன்னா?"

"சரி, இதையே எழுதுங்க. ஆள் இருக்குன்னு ஒரு வரி. படிவம் வாயை மூடிக்குவாரு."

அவர் என்னைப் பார்த்தார். புத்தகம் படிக்கிறவர்களைப் பார்க்கிற பார்வை அது.

"எழுதினா மறுநாளே கொட்டகைக்குப் பூட்டு. அவங்களை வெளிய தள்ளிடுவாங்க. ரெண்டு பேரை வேலைய விட்டும் அனுப்புவாங்க, மத்தவங்க பயப்படட்டும்னு. இரும்பு விழாம நானே அவங்க தலைல ஒண்ணப் போட்ட மாதிரி ஆயிடும்."

"நீங்க சுத்திப் போறது அவங்களுக்குத் தெரியுமா?"

"என்னன்னு மச்சான் சொல்றது? உங்க தலைமேல ஒண்ணும் போகலைன்னா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துக்கடைப் படியில் தங்கை இறங்குவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கதையில போட்ராதீங்க."

போட்டுவிட்டேன்.

(இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் எதையும் இங்கே விட்டுவைக்கவில்லை. மாற்ற வேண்டியவற்றை மாற்றியிருக்கிறேன். அது கொட்டகைதான், அவர்கள் கழுவுவது பலகைதான் என்று உறுதியாக நம்ப வேண்டாம். ஏன் இத்தனையை மாற்றினீர்கள், விவரம் துல்லியமாக இருந்தால்தானே கதைக்குப் பலம் என்று ஆசிரியர் கேட்டார். எனக்கும் ஒரு கட்டம் வந்து சேர்ந்துவிட்டது.)

6

கதையைச் சற்று நிறுத்திவிட்டு ஒன்று கேட்கிறேன். உங்களைத்தான்.

இன்று காலை நான் மாடிப்படி இறங்கும்போது எனக்கு முன்னால் கீழ்வீட்டுக்காரர் இறங்கிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தள்ளிவிடவில்லை. ஏன் தள்ளவில்லை என்று யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பேன். சட்டத்துக்குப் பயந்தா? இல்லை. அவர் மேல் அன்பா? சத்தியமாக இல்லை. என் தண்ணீர்க் குழாயை இரண்டு முறை மூடிவைத்தவர் அவர். தள்ளாமல் இருப்பதற்கு ஒரு நியாயம் தேவைப்படுகிற ஆள் யாராவது இருந்தால், அவருக்கு முன்னால் படி இறங்க எனக்கு விருப்பமில்லை. தள்ளுகிறவன் அல்லவா சொல்ல வேண்டும். அறிக்கையில் 'அனுமதிக்கப்பட்ட சுழற்சி' என்று ஒரு பத்தி இருக்கிறது. அதற்கு நியாயக் கட்டமே கிடையாது. ஒரு டன் இரும்பைக் கொட்டகைக்கு மேலே கொண்டுபோனால் ஒரு கேள்வியும் இல்லை.

இதை இப்படியே தங்கையிடம் சொன்னேன். எழுதி வைத்துப் படித்தேன் என்றே சொல்லலாம். (கொட்டகைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அவளும் என்னிடம் சொல்லவில்லை.)

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"நல்லா இருக்கு. ஒவ்வொரு தடவையும் முக்கா நிமிஷம் கூட ஆகுதாம். மேல கம்பி கட்டுறவங்க கையைக் கட்டிக்கிட்டு வெயில்ல நிக்கிறாங்க. ஒரு நாள் வேலை முடிய லேட்டாகி ஒருத்தர் கடைசி பஸ்ஸ விட்டுட்டாரு. இவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்காரு. அந்த ஆளுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"நாளைக்கு இவரை இறக்கிவிட்டா எங்க வீட்டுக்கு ஆகறது கெடுதல் இல்லியா? அதுக்கு ஒரு கட்டம் உண்டா உன் கதையில?"

"அப்ப அவர் கொட்டகை மேலயே போகட்டும்ங்கறியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

"பின்ன?"

"எழுதிக் குடுன்னு சொல்றேன். ரெண்டு வாரமா ஒரு கட்டத்தை வச்சுக்கிட்டு தவம் பண்ற. நாங்கதான் ஆளைத் தப்பா பாத்து வந்துட்டோம். பத்திரம் எழுதுறவர்கிட்ட போயிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பாரு."

அவள் சொன்னது தப்பில்லை. ஒருவர் தலைக்கு மேலே போகாமல் சுமை சுற்றிப் போகும்போது, அந்த முக்கால் நிமிடம் வேறு யார் தலையிலாவது இறங்கத்தான் செய்கிறது. பஸ்ஸை விட்டவர் நடந்துபோன தூரத்துக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் நியாயம் கேட்பது சரியா? கேட்கலாம், ஆனால் பஸ்ஸை விட்டவர் கேட்கலாம், கருவி கேட்கக் கூடாது என்று ஒரு வாக்கியம் எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். படிவத்துக்குள் அது அடங்காது. மாப்பிள்ளைக்கு உதவாத அழகு எனக்கு எதற்கு?

7

இது இன்று சாயங்காலம் நடந்தது. நடக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதைக்காகச் செய்துவைத்தது மாதிரி இருக்கிறது, இதைப் படித்தால் ஆசிரியர் மகிழ்ந்துபோவார் என்பதே எனக்கு எரிச்சல்.

படிவத்தைக் கொடுத்துவிடலாம் என்று தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வேலையிலிருந்து வரவில்லை. அடுப்படி மிகச் சின்னது. அடுப்புக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கிற வழியில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, மடியில் படிவத்தை வைத்து, சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். குளியலறைக்கு அவள் என்னைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போதும். அவள் அப்படிப் போகவில்லை. முன்னறைக்குப் போய், கட்டிலைச் சுற்றி, துணிக்கொடிக்குக் கீழே குனிந்து, பின்வாசல் வழியாக வந்து குளியலறைக்குள் நுழைந்தாள். கை சுட்டிருக்க வேண்டும். பாத்திரத்தை வைத்துவிட்டு விரலை உதறினாள்.

"எதுக்கு சுத்திப் போற?" என்றேன்.

"என்னது?"

"இப்படியே வந்திருக்கலாமே. எதுக்கு சுத்திப் போன?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. நடிப்பு இல்லை, உண்மையாகவே புரியவில்லை. நான் ஏதோ அயல்மொழியில் கேட்டது மாதிரி நின்றாள்.

"நீ உக்காந்திருக்கல்ல" என்றாள்.

பிறகு அவளும் என் மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குளியலறையில் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அதையே எழுத முடியாதில்ல?" என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

"முடியாது. ஆள் உக்காந்திருக்குன்னு எழுதின மாதிரி ஆயிடும்."

"ஆமா."

விரலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு, "எழவு பிடிச்ச கட்டம்" என்றாள்.

8

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், படிவம் கட்டத்தை வெறுமையாகவே ஏற்றுக்கொள்கிறார். கொட்டகைப் பக்கம் ஒருநாள் தற்செயலாகப் போய், தகரத்தில் காயும் துணியைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து முத்திரை குத்திவிடுகிறார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் கொட்டகைப் பக்கம் போகிறவர் இல்லை.

இன்னொன்றில் நான் பொய் எழுதுகிறேன். 'வலப்பக்கம் திரும்பும்போது பல்சக்கரத்தில் சத்தம் கேட்கிறது.' பொய் நன்றாக அமைந்தது, சதுரங்களும் மிச்சம். ஆனால் வாசித்துக் காட்டியதும் மாப்பிள்ளை ஒரே கேள்விதான் கேட்டார். "சத்தம்னு எழுதினா மெக்கானிக் மேல ஏறுவான் மச்சான். எண்பது மீட்டர். இல்லாத சத்தத்தைத் தேடி அவன் எதுக்கு ஏறணும்?" அந்த மெக்கானிக்குக்காகவும் அவர் ஒரு சுற்று சுற்றித்தான் போகிறார்.

மூன்றாவதில் மாப்பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள். புது ஆள் ஏறுகிறார். நல்ல மனிதர், வேகமானவர், வரைபடத்தை நம்புகிறவர். வலப்பக்கம் திரும்புகிறார். ஒன்றும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. அந்தக் கதை அப்படியே போகிறது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் நிறுத்துகிற இடத்துக்கு அடுத்த நாள் என்று ஒன்று இருக்கிறதே.

எனவே முடிவை நான் எழுதப்போவதில்லை. கோழைத்தனம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பதினான்கு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். கூண்டில் நீங்கள் உட்காருங்கள். இருக்கையின் இடப்புறக் கைப்பிடிதான் கிரேனின் கையைத் திருப்புவது. கம்பிக்கட்டைக் கீழே கொக்கியில் மாட்டிவிட்டார்கள், தூக்கலாம் என்று ஒலிபெருக்கியில் குரல் வந்துவிட்டது. நீங்கள் தூக்கியும்விட்டீர்கள். ஒரு டன் இரும்பு காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது. மேல்தளத்தில் நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களில் ஒருவருக்குப் பஸ் இருக்கிறது. கீழே தகரக் கூரை. இன்று அதன்மேல் துணி இல்லை.

வலப்பக்கம் திருப்பினால் யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள்.

இடப்பக்கம் திருப்பினால் நூறு சதுரங்கள். நாளை காலை பத்து மணிக்குள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், கொட்டகைக்குள் இருப்பவர்கள் மட்டும் அதில் இருக்கக் கூடாது.

ஒலிபெருக்கியில் மறுபடி குரல் கேட்கிறது. என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?